பதினேழாம் நம்பர் பச்சை

இல்ல மேடம், தண்ணி வேண்டாம். நீங்க கேட்டதுக்கே வரேன். ஸ்விட்சைத் தூக்கினது யாருன்னுதானே? நான்தான். உங்க விபத்து விசாரணைக்கு மொத நாளே எழுதிக் குடுத்துட்டேன், இன்னைக்கு வந்து அதை மாத்திச் சொல்லப் போறதில்ல. பதினேழாம் நம்பர் லிஃப்ட், ஆறு மாடிக் கட்டடம், காலையில பத்தே முக்கால். மொட்டை மாடியில மோட்டார் ரூம். ஏறிப் போனேன், மெயின் ஸ்விட்சைத் தூக்கி கரண்ட் குடுத்தேன், கீழ எவனோ பட்டனை அமுக்கியிருக்கான், லிஃப்ட் இறங்கிடுச்சு. நாலாவது மாடிக்கிட்ட லிஃப்ட் பொட்டி மேல நின்னு என் மெக்கானிக் வேலை செஞ்சுக்கிட்டிருந்தான். ஒல்லின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம், பத்தொம்பது வருசமா என்கிட்ட இருக்கறவன். இடது கால் கணுக்காலுக்குக் கீழ இப்போ அவனுக்கு இல்ல.

ஆமா, பொட்டி மேல நிப்பாட்டற பட்டன் ஒண்ணு இருக்கும். இருக்கணும். அதைத்தான் மாத்திக்கிட்டிருந்தான்.

நான் வந்தது அதுக்கு இல்ல மேடம். அந்த லெட்டருக்கு. உங்க கைக்கிட்ட, அந்த நீலக் கவர்ல இருக்கு பாருங்க, என் பொண்ணு குடுத்தது. விபத்துக்குக் காரணம் நான் எழுதின ப்ரோக்ராம், முழுப் பொறுப்பும் என்னுதுன்னு நாலே வரி. நாலு மணிக்கு அது மாடியில உங்க பெரிய ஆபீசர்கிட்டப் போயிடும்னு வெளிய இருக்கற பியூன் சொன்னாரு. போயிட்டா அவ பேர்ல கேஸ். இருபத்தஞ்சு வயசு. அப்புறம் எவன் அவளை நம்பி ஒரு வரி எழுதச் சொல்லுவான்? இப்போ மணி ரெண்டே கால். அதுக்குள்ள அந்தக் கவரை நான் திருப்பி வாங்கிட்டுப் போகணும். இதான் விசயம். மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது.

அதோ, ஜன்னல் வழியாப் பாத்தீங்கன்னா தெரிவா. வண்டி நிறுத்தற எடத்துல, சிமெண்ட் பெஞ்சுல. நெழல் நகந்து போயி அரை மணி நேரம் ஆச்சு, அவ நகரல. நான் உள்ள வந்திருக்கறது அவளுக்குப் பிடிக்கல. போகாதப்பான்னா. வந்துட்டேன்.

என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன், இல்லன்னா நான் பேசறது உங்களுக்குத் திமிராத் தெரியும். ஏழாவதோட படிப்பு சரி. பதினாலு வயசுல லிஃப்ட் கம்பிக்கு கிரீஸ் தடவ வந்தவன். இன்னைக்கு அறுபத்திரண்டு லிஃப்ட் என் பராமரிப்புல ஓடுது. எல்லாம் இந்த வாயாலதான். எவன் என்ன சொன்னாலும் மொதல்ல சொன்னதை நான் ஒத்துக்கிட்டதே கெடையாது. பெரியவ பொறந்தப்ப டாக்டர் இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்னாரு, ஒரு மணி நேரத்துல முடியாதான்னு கேட்டவன் நான். என் சம்சாரம் அந்த வலியிலயும் தலையில அடிச்சுக்கிட்டா. பெரியவள்னா இவதான். ஒரே பொண்ணு, ஆனா பெரியவள்னே பழகிப் போச்சு.

வாய் இருக்கற எதோடயும் பேசி ஒரு முடிவுக்கு வந்துடலாம் மேடம். நான் அப்படித்தான் வாழ்ந்தேன். இந்தப் பதினோரு நாளாத்தான் வாயில்லாத ஒண்ணோட மாட்டிக்கிட்டேன்.

ப்ரோக்ராம் என்னன்னு கேட்டீங்கல்ல. சொல்றேன். உங்க ஆபீஸ்ல இருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் உங்களுக்கு விளக்கியிருப்பாரு, ஆனா அவரு விளக்கினது எனக்கே புரியல. நான் என் பாஷையில சொல்றேன்.

எங்க ஆபீஸ்ல ஒரு போர்டு. சுவத்துல ஒரு டிவி, அதே படம் எங்க எல்லார் போன்லயும் வரும். அறுபத்திரண்டு நம்பர். எந்த லிஃப்டைத் தொடக்கூடாதோ அது செகப்பு. அவ்வளவுதான். ரெண்டு பக்கம் இருந்து நம்பர் வரும். மெக்கானிக் வேலைக்கு இறங்கறப்ப தன் போன்ல நம்பரைத் தட்டுவான். ஆபீஸ்ல புகார் எடுக்கற பொண்ணு ஒண்ணு இருக்கு, அதுவும் தன் பக்கம் நம்பரைத் தட்டும். ரெண்டு குவியலையும் ஒண்ணாக் கொட்டி போர்டுல காட்டறது பெரியவ எழுதின ப்ரோக்ராம். எந்தக் குவியல்ல நம்பர் இருந்தாலும் செகப்பு. ரெண்டு வருசம் கல்லு மாதிரி ஓடுச்சு.

அந்தக் குவியலுக்குப் பேர் செட்டாம். ஒண்ணாக் கொட்டறதுக்கு ஒரு குறி. பிளஸ் இல்ல. நிமிந்து நிக்கற ஒத்தைக் கோடு, செவுத்துல ஆணி அடிச்ச மாதிரி. ஏம்மா சேக்கறதுக்கு பிளஸ் போட வேண்டியதுதானேன்னு கேட்டேன். செட்டுக்கு பிளஸ் கெடையாதுப்பான்னா.

இங்கதான் மேடம் எனக்குக் கோவம் வர ஆரம்பிச்சுது.

தெனம் என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுத் திரும்பினா, அவ ரூமைச் சாத்திக்கிட்டு செவுத்தைப் பாத்துப் படுத்துக்கறா. சாப்பாடு வெச்ச தட்டு அப்படியே வருது. அம்மா கேட்டா பதில் இல்ல, நான் கேட்டா பதில் இல்ல. அலமாரியில அவ காலேஜ் நோட்டு கெடந்துச்சு. எடுத்துப் பாத்தேன். அந்த ப்ரோக்ராம் பாஷை பத்தி மொதப் பக்கத்துல இருந்து எழுதி வெச்சிருந்தா. சும்மா ஒரு வாட்டி, இது என்னம்மான்னு கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். உள்ள இருந்து பதில் வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு அவ கொரலை அப்பத்தான் கேட்டேன். வேற எது கேட்டாலும் வாய் திறக்க மாட்டா, இதைக் கேட்டா மட்டும் சொல்லுவா. விடுவேனா? நோட்டும் கையுமா கதவுக்கிட்டயே உக்காந்துட்டேன். நான் கத்துக்கிட்டது அவ்வளவும் கதவு வழியாக் கத்துக்கிட்டது.

லிஸ்ட்டுன்னு ஒண்ணு. வரிசை. ரெண்டு வரிசைக்கு நடுவுல பிளஸ் போட்டா ஒண்ணு பின்னாடி ஒண்ணா சேந்துக்கும். நியாயம். ரெண்டு லிஸ்ட்டுக்கு நடுவுல மைனஸ் போட்டா? முடியாது, தப்புன்னு கத்தும். செட்டுக்கு வாங்க. மைனஸ் போட்டா அழகாக் கழிச்சுக் குடுக்கும். பிளஸ் போட்டா கத்தும். பாருங்க கூத்தை. சேத்துக்கத் தெரிஞ்சவனுக்குக் கழிக்கத் தெரியாது, கழிக்கத் தெரிஞ்சவனுக்குச் சேக்கத் தெரியாது. ஒரே வீட்டுப் புள்ளைங்க மேடம். ஒரே பாஷை பெத்துப் போட்டது.

இன்னொண்ணு இருக்கு, டியூப்பிள்னு. அதுவும் வரிசைதான், ஆனா ஒரு தடவை கட்டிட்டா அவுக்க முடியாத மூட்டை. லிஸ்ட் பிளஸ் அந்த மூட்டைன்னு எழுதினா ஒத்துக்காது, ஜாதி வேறங்கும். அதே லிஸ்ட்டுக்கு, பிளஸ்ஸும் ஈக்குவலும் ஒட்டிப் போட்டு எழுதுங்க, சத்தமே இல்லாம உள்ள சேத்துக்கும். முன்வாசல்ல வந்தா யார் நீன்னு கேப்பான், கொல்லைப்பக்கமா வந்தா வாங்க வாங்கம்பான். நான் கதவுல தட்டிக் கேட்டேன், ஏம்மா இவனுக்கு ஒரு சொல் இல்லையா, ஒரு நெலை இல்லையான்னு. உள்ள லேசா ஒரு சிரிப்பு மாதிரி சத்தம் கேட்டுச்சு. சிரிப்புத்தானான்னு தெரியல. நான் அதை வெச்சு ஒரு நாள் ஓட்டினேன்.

என் வண்டி டிரைவர்கிட்டக் கூட இதைச் சொல்லிப் புலம்பினேன். அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே. முதலாளிக்கு ஒல்லி கால் போன அதிர்ச்சியில கலங்கிப் போச்சுன்னு நெனச்சிருப்பான்.

சரி, நம்ம விசயத்துக்கு வரேன். மூணு மாசம் முன்னாடி நான்தான் கேட்டேன். நம்பர் மட்டும் காட்டினா பத்தாது, பக்கத்துல நெலைமை தெரியணும், நல்லா ஓடற லிஃப்ட் பச்சையாத் தெரியணும், கஸ்டமர் ஆபீசுக்கு வந்தா நிமிந்து பாத்து அசரணும்னு. இவ உக்காந்து கணக்குப் போட்டுட்டு பத்து நாள் ஆகும்னா. நாலு நாள்ல முடின்னேன். பேசிப் பேசி ஆறு நாளுக்கு வந்து நின்னோம். வேற எவன்கிட்டயாவது இருந்தா நாலுக்கே கொண்டாந்திருப்பேன், பொண்ணாச்சேன்னு விட்டேன். அந்தப் பத்துல கடைசி நாலு நாள் எதுக்குன்னு நான் கேக்கவும் இல்ல, அவ சொல்லவும் இல்ல. இப்போ நோட்டுல பாத்தேன். சோதிச்சுப் பாக்கறதுக்குன்னு எழுதி வெச்சிருக்கா.

நம்பர் பக்கத்துல விவரம் எழுதணும்னா செட்டு பத்தாது. அதுக்கு டிக்ஷனரின்னு ஒண்ணு. நம்ம போன் நம்பர் நோட்டு மாதிரி, இந்தப் பக்கம் பேரு, அந்தப் பக்கம் விவரம். குவியலை எடுத்துட்டு ரெண்டு பக்கமும் நோட்டா மாத்தினா. மெக்கானிக் நோட்டு ஒண்ணு, புகார் நோட்டு ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டற வரி இருக்கு பாருங்க, அந்த நிமிந்த கோடு போட்ட வரி, அது அப்படியே இருந்துடுச்சு. மாத்தல. ஏன் மாத்தலன்னா அது ஓடுச்சு. கத்தல. செட்டுக்கும் அந்தக் கோடு உண்டு, டிக்ஷனரிக்கும் அந்தக் கோடு உண்டு. பிளஸ்ஸா இருந்திருந்தா அந்த நிமிசமே கத்தியிருக்கும், டிக்ஷனரிக்கும் பிளஸ் ஆகாது. அன்னைக்கே பிடிச்சிருப்பா.

ஆனா கோடு ஒண்ணுதான், குணம் வேற. குவியலைச் சேத்தா எதுவும் தொலையாது. நோட்டைச் சேத்தா, ஒரே நம்பர் ரெண்டு நோட்டுலயும் இருந்துச்சுன்னா, ரெண்டாவது நோட்டுல இருக்கறது மொத நோட்டுல இருக்கறது மேல உக்காந்துக்கும். மொதல்ல எழுதினது போச்சு. ஒரு சத்தம் கெடையாது.

ஒல்லி காலையில பத்து மணிக்குத் தன் போன்ல தட்டியிருக்கான். பதினேழு, ஆள் உள்ள. சரியாத் தட்டியிருக்கான் மேடம், அவன்கிட்ட ஒரு தப்பும் இல்ல. புகார் எடுக்கற பொண்ணு நோட்டுல முந்தின நாளே பதினேழுக்கு ஒரு வரி இருந்துச்சு. கதவுப் புகார் தீந்தது, ஓடுதுன்னு. அதுவும் சரியாத்தான் எழுதியிருக்கு. புகார் நோட்டு ரெண்டாவது. ஆள் உள்ளங்கறது மேல ஓடுதுங்கறது ஏறி உக்காந்துக்கிச்சு. போர்டுல பதினேழு பச்சை.

அது உண்மை. அன்னைக்குப் பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் போர்டுல பதினேழு பச்சையாத்தான் இருந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்காரரும் அதை எழுதியிருப்பாரு.

இப்போ நீங்க சொல்லுங்க, இதுல என் பொண்ணு தப்பு எங்க? ஒரு குறி, எடத்துக்கு எடம் ஒரு குணம். இதை எவனோ உக்காந்து முடிவு பண்ணியிருக்கான்ல? அவன் யாருன்னு கேட்டேன். ஒருத்தர் இல்லப்பா, நிறையப் பேரு, பேசிப் பேசித்தான் முடிவு பண்ணினாங்க, இப்படித்தான் நடக்கும்னு தெளிவா எழுதியே வெச்சிருக்காங்க, நான்தான் யோசிக்கலன்னா. பேசிப் பேசித்தான் முடிவு பண்ணாங்களாம். நான் அங்க இல்லாமப் போயிட்டேன். ஒரு மணி நேரம் குடுங்க எனக்கு, அந்தக் கோட்டைக் கத்த வெச்சிருப்பேன்.

சிரிக்காதீங்க மேடம். சரி, சிரிச்சாலும் பரவால்ல. பதினோரு நாள் கழிச்சு இப்பத்தான் ஒருத்தர் மொகத்துல சிரிப்பைப் பாக்கறேன்.

அந்தப் பாஷை மேல எழுதுங்க. இல்லையா, என் மேல எழுதுங்க, பத்து நாளை ஆறா வெட்டினது நான்தானேன்னு. கேக்கறேன்ல. எழுத முடியாதா? சம்பந்தப்பட்ட காரணம் வேணுமா? ஆங், நேரடிக் காரணம். அது என்ன வார்த்தையோ. அதையேதான் அவளும் சொல்றா. நீ நாள் கொறச்சது காரணம் இல்லப்பா, அந்த ஒரு வரியைத் திரும்பப் படிக்க ஒரு நிமிசம் போதும், நான் படிக்கலங்கறா. அவளுக்கு என் மூக்கு வந்திருக்கு, புத்தி எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. அவகிட்டயும் கொறைச்சுப் பேச முடியல, உங்ககிட்டயும் முடியல. ரெண்டு பொம்பளைங்க கிட்டயும் ஒரு வரி கூட நகத்த முடியல என்னால.

ஒல்லியைப் போயிப் பாத்தேன். தெனம் போறேன். ரெண்டாவது நாள் முழிச்சான். என்னைப் பாத்துட்டு அவன் சொன்னது என்ன தெரியுமா? போர்டு பச்சை காட்டினா நீங்க என்ன செய்வீங்க முதலாளி, உங்க மேல தப்பில்லன்னான். மருந்து மயக்கத்துல என்னைச் சமாதானம் பண்றான். கால் இல்லாதவன் கால் இருக்கறவனை. நான் தலையை ஆட்டினேன். வெளிய வந்தா, வராந்தாவுல அவன் சம்சாரம் நின்னுச்சு. அது என்கிட்டப் பேசாது, அதுக்கு ஞாயம் இருக்கு. எனக்கு முன்னாடியே பெரியவ போயி அது முன்னால நின்னு, அக்கா, அந்தப் போர்டை எழுதினது நான்தான்னு சொல்லிட்டு வந்திருக்கா. யாரும் கூட இல்ல. தனியாப் போயிருக்கா. அந்த அம்மா அடிக்கல, திட்டல. உக்காரும்மான்னு எடம் விட்டுச்சாம். அதுல இருந்துதான் இவ சோத்தைத் தொடல.

விபத்து நடந்த அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தா. லேப்டாப்பைத் திறந்த மேனிக்கே கையில தூக்கிக்கிட்டு, செருப்பு கூட ஜோடி மாறி. அப்பா கண்டுபிடிச்சுட்டேன், தப்பு என்னுது, பச்சை காட்டியிருக்கு, நீ பச்சையைப் பாத்துட்டுத்தானேப்பா தூக்கினேன்னு சொல்லிக்கிட்டே அழுதா. சுத்தி எங்க ஆளுங்க, கட்டடத்துச் செகரட்டரி, ரெண்டு போலீஸ். எல்லாரும் அவளைப் பாத்தாங்க. நான் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். விடும்மான்னேன்.

என்ன கேட்டீங்க?

நான் போன்ல போர்டைப் பாத்தப்ப மணி எத்தனைன்னா? படிவத்துல அந்த எடம் காலியா இருக்குதா?

ம்.

அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கலாமா மேடம். சத்தமா இருக்கு.

பெரியவ ப்ரோக்ராம்ல ஒண்ணு வெச்சிருக்கா. யார் யார் எப்ப போர்டைத் திறந்து பாத்தாங்கன்னு அதுவாவே எழுதிக்கும். நேத்து சாயங்காலம் கதவு வழியா இந்தக் கோட்டைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம், பேச்சோட பேச்சா அவளே சொன்னா. அன்னைக்குக் காலையில அதுல உன் பேர் இல்லப்பான்னா. மொத நாள் ராத்திரியே பாத்துட்டாளாம். பத்து நாளா அவளுக்குத் தெரியும். உங்க கம்ப்யூட்டர்காரருக்கு அது எங்க இருக்குன்னு தெரியாது, கேட்டாலும் நான் சொல்லப் போறதில்லன்னா. நான் என் போனைக் கார்லயே சார்ஜ்ல போட்டுட்டு மேல ஏறினேன் மேடம். போர்டை நான் பாக்கவே இல்ல.

லிஃப்ட் நின்னு கெடக்குன்னு அந்தக் கட்டடத்துச் செகரட்டரி அரை மணி நேரத்துல ஏழு தடவை போன் பண்ணிட்டான். வேற கம்பெனி பாத்துக்கறேன்னான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. இதோ வரேன்டா, நானே வந்து ஓட்டிக் காட்டறேன்னு கெளம்பினவன். பச்சையாவது செகப்பாவது.

அவகிட்டச் சொன்னேன். சரிம்மா, நான் பாக்கல, அப்போ உன் தப்பு இல்லல்ல, லெட்டரை வாங்கிடுன்னேன். அதுக்கு அவ சொல்றா, நீ பாத்திருந்தாலும் பச்சைதானேப்பா இருந்திருக்கும். நீ பாத்திருந்தாலும் தூக்கித்தான் இருப்பே. அப்போ தப்பு என் வரியிலதான். வாழ்க்கையில மொதத் தடவையா எதிராளி சொன்னதுல பிடிக்க ஒரு முனை கெடைக்கல. ராத்திரி பூரா யோசிச்சேன். அவ சொல்றது சரிதான். அவளுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது சரிதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவுல வெச்சு அவ அழுதுக்கிட்டே தப்பு என்னுதுன்னப்ப எனக்குள்ள என்ன ஆச்சு தெரியுமா. நிம்மதி. மூச்சு வந்துச்சு. பெத்த பொண்ணு எரியுது, எனக்குக் குளிருது. அந்த நிமிசத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, என் சம்சாரத்துக்கிட்டக் கூட.

பேனாவை மூடாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் வந்தேன். வந்து ஒரு மணி நேரமா பிளஸ்ஸு மைனஸ்ஸுன்னு சுத்திக்கிட்டிருக்கேன்.

எங்க ஆளுங்களுக்கு ஒரு பழக்கம். போர்டு கீர்டு வர்றதுக்கு முன்னாடி இருந்து. பொட்டி மேல இறங்கறதுக்கு முன்னாடி மோட்டார் ரூமுக்குப் போயி, மெயின் ஸ்விட்சை இறக்கிட்டு, போட்டிருக்கற சட்டையைக் கழட்டி அந்தக் கைப்பிடியில மாட்டிடுவாங்க. உள்ள வேர்த்துக் கொட்டும், எப்படியும் சட்டை ஆகாது. கைப்பிடியில சட்டை தொங்குச்சுன்னா அந்தச் சட்டைக்காரன் உள்ள இருக்கான்னு அர்த்தம். அவன் வந்து அவன் கையாலதான் எடுக்கணும். நானும் மாட்டினவன்தான், இருபது வருசம். போர்டு வந்தப்புறம் நான்தான் வேண்டாம்னுட்டேன். பெரிய பெரிய கட்டடம், சட்டையைத் தொங்க விட்டுக்கிட்டு என்ன கோலம்னு. எல்லாரும் விட்டுட்டாங்க. ஒல்லி மட்டும் விடல. ரெண்டு தடவை திட்டியிருக்கேன்.

அன்னைக்கும் மாட்டியிருந்தான் மேடம்.

ஊதாக் கோடு போட்ட சட்டை. உள் காலர்ல தையல் விட்டிருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்கு வந்தது பயம் இல்ல, கோவம். சொல்லியும் கேக்கறானா பாருன்னு. சட்டையை மாட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்னு நெனச்சேன். தரையில கம்பி இறங்கற ஓட்டை வழியா ஒரு கொரல் குடுத்தேன். குடுத்தேன்னுதான் நெனைக்கறேன். அதுகூட இப்போ உறுதியாச் சொல்ல முடியல. சட்டையை எடுத்து நாலா மடிச்சு ஜன்னல் கட்டையில வெச்சேன். அப்புறம் கைப்பிடியைத் தூக்கினேன்.

ஆஸ்பத்திரியில ஒல்லி பேன்ட்டு, பெல்ட்டு எல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. சட்டையைக் காணோமேன்னு அவன் சம்சாரம் நர்ஸுகிட்டக் கேட்டுக்கிட்டிருந்துச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒல்லி இதுவரைக்கும் கேக்கல. அவனுக்கு ஞாபகம் வரலையா, வந்தும் கேக்கலையா, எனக்குத் தெரியாது.

அன்னைக்கே ஜன்னல் கட்டையில இருந்து எடுத்துட்டேன், அது என் கார்ல இருக்கு, பின் சீட்டுக்கு அடியில. பெரியவளுக்குத் தெரியாது. பதினோரு நாளா அந்த சீட்டு மேலதான் உக்காந்து என்கூட ஆஸ்பத்திரிக்கு வரா.

எழுதிக்கிட்டீங்களா? நேரடிக் காரணம் கேட்டீங்களே, இதான். ஊதாக் கோடுன்னு போடுங்க. எங்க கையெழுத்துப் போடணும், இங்கயா? அப்புறம் மேடம், அவளை உள்ள வரச் சொல்லிடாதீங்க. நானே போயிச் சொல்லிக்கறேன். கொஞ்ச நேரம் மட்டும் இங்கயே உக்காந்துட்டுப் போறேன்.